புகைவீட்டுப் பள்ளிக்கூடம்

கோலாலம்பூர்ப் பக்கத்துக் கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகும் சடக்குச் சாலையில் ஏழாங்கட்டை மைல்கல்லில் இறங்கி, பால்மரங்களுக்கு நடுவே ஒரு மைல் உள்ளே நடந்தால் அந்தத் தோட்டம் வரும். அங்கே பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள முதலில் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷக் கடைசியில் வந்த வெள்ளம் அதைக் கூரையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு தேடிப் பார்த்ததில் ஒரு பெஞ்சு மட்டும் ஓடைக்கரைப் புதரில் கால் முறிந்து கிடந்தது.

வாத்தியார் இராமலிங்கம் ஆபீசுக்குப் போய் நின்றார். துரை எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "பழைய புகைவீடு சும்மாதானே கிடக்கு? அதுல நடத்து" என்றார். நன்றாகத் தமிழ் பேசுகிற துரை. ஆனால் யாரோடும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார்.

ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போட்டுக் காயவைக்கிற கட்டடம்தான் புகைவீடு. புதிதாக ஒன்று கட்டிய பிறகு பழையது வௌவால்களுக்கு விடப்பட்டிருந்தது. புகை வெளியே போய்விடக் கூடாது என்று கட்டியது, அதனால் ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. பன்னிரண்டு வருஷத்துப் புகை செங்கல் சுவரில் தார் மாதிரி அப்பியிருந்தது. சாய்ந்தால் சட்டை கருத்தது. தொட்ட விரலைச் சிலேட்டில் வைத்தால் சிலேட்டும் பிசுபிசுத்தது. தரை வெறும் களிமண், மழைக்காலத்தில் கசியும்.

நடுவில் ஒரு சுவர். அதற்கு இந்தப் பக்கம் ஓர் அறை, அந்தப் பக்கம் ஓர் அறை, இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. இந்த அமைப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் பெரிய கங்காணி பழனியப்பன். கூலி ஜனங்களின் வரிசை வீடுகளான லயங்களில், மேல் லயத்துப் பிள்ளைகளும் கீழ் லயத்துப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரக் கூடாது என்பது நாகப்பட்டினத்தில் ஜனங்கள் கப்பலேறும்போதே கூட ஏறி வந்துவிட்ட வழக்கம். சாதிக்கு ஒரு லயம், லயத்துக்கு ஒரு கிணறு என்றுதான் அந்தத் தோட்டம் இருந்தது. பழைய கொட்டகையில் கீழ் லயத்துப் பிள்ளைகள் கூரைக்கு வெளியே, சாரல் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அவர்களுக்கும் ஓர் அறை கிடைத்திருக்கிறதே என்று கங்காணி தாராள மனதோடுதான் சொன்னார்.

ஆனால் வாத்தியார் ஒருவர்தான். இந்த அறையில் இருபத்திரண்டு பேர், அந்த அறையில் பதினோரு பேர். இங்கே ஒரு கணக்கைப் போடச் சொல்லிவிட்டு வெளியே இறங்கி, கட்டடத்தைச் சுற்றி நடந்து, அங்கே போய் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். அதற்குள் இங்கே கூச்சல் கிளம்பிவிடும். மறுபடி சுற்றி வருவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுற்றுகிறோம் என்று ஒருமுறை எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டார்.

இராமலிங்கத்துக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. முன்பு பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே சரக்குக் கொட்டடியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். மனைவி தனலெட்சுமி நாலே நாள் காய்ச்சலில் போன பிறகு அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் இந்த வேலையை ஏற்றுக்கொண்டு வந்தார். தோட்டத்தில் அவருக்குக் கொடுத்த அறை ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் வீட்டு வரிசையிலும் இல்லை, லயத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டுக் கொட்டிலை ஒட்டித் தனியாக நின்றது. கிராணிமார் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவதில்லை, அவர் தங்களுக்குக் கீழே என்று நினைத்தார்கள். பால் வெட்டுகிற ஜனங்கள் அவரைத் தங்களுக்கு மேலே என்று நினைத்து, அவர் வருவதைக் கண்டால் எழுந்து நின்றுவிடுவார்கள். அவர் வரும்போது நிற்கும் பேச்சு அவர் கடந்து போன பிறகுதான் தொடரும். நாலு வருஷத்தில் பேச்சின் நடுப்பகுதி ஒரு தடவைகூட அவர் காதில் விழுந்ததில்லை.

மேல் லயத்துப் பவுனம்மாள் இரண்டு வேளையும் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்து வைப்பாள். அவள் மகள் இராஜம்மா வகுப்பில் கெட்டிக்காரி. "சட்டிய கழுவி வெளியில வச்சிருங்கய்யா" என்பாள். தினமும் அவரிடம் பேசுகிற பெரியவர்கள் என்று பார்த்தால் அவள் ஒருத்திதான், பேச்சென்று பார்த்தால் அந்த ஒரு வரிதான்.

புகைவீட்டுக்குப் போன மூன்றாவது வாரத்திலேயே பிள்ளைகள் இரும ஆரம்பித்தார்கள். இராமலிங்கம் கிள்ளான் பாசாரிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்து, ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுவருக்கு அடித்தார். ஞாயிறு காலையில் பார்த்தபோது கோயில் சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அது பழுத்த இலை நிறத்துக்கு மாறியது. வெள்ளிக்கிழமைக்குள் புகைக்கறை சுண்ணாம்பைத் தின்றுவிட்டு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுபடி துரையிடம் போனார். அந்த நேரத்தில் ரப்பர்ப் பால் பதப்படுத்தும் ஸ்டோர் இயந்திரங்களுக்கு மரவேலை செய்ய ஆ லோங் என்ற சீனத் தச்சன் தோட்டத்தில் தங்கியிருந்தான். "அவன் சும்மா இருக்கிற நாளெல்லாம் எடுத்துக்கோ. இடிஞ்சு கிடக்கிற பழைய லயத்து மரத்தையும் எடுத்துக்கோ" என்று துரை சொன்னார். அவ்வளவு கிடைத்ததே பெரிது.

ஆ லோங்குக்கு ஐம்பது வயது இருக்கும். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான். வந்த உடனே சுவரை நகத்தால் கீறி மோந்து பார்த்தான். "இது அழுக்கு இல்ல, எண்ணெய். சுரண்டணும்" என்றான். தேய்ந்துபோன பால் உளிகளை ஸ்டோரிலிருந்து ஒரு கூடை அள்ளிவந்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு இருவரும் சுரண்டினார்கள். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தும் இராமலிங்கம் துப்பினால் கறுப்பாக வந்தது. சுரண்டிய இடத்தைச் சாம்பல் தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். அதன் பிறகு அடித்த சுண்ணாம்பு நின்றது.

சுரண்டி விழுந்த கரியைக்கூட ஆ லோங் வீணாக்கவில்லை. அதைச் சலித்து வச்சிரப் பசையோடு குழைத்து, நாலு பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அடித்துப் பூசினான். கிள்ளானில் விற்கிற கரும்பலகையைவிட அது நன்றாக எழுதியது.

பிறகு ஜன்னல்கள். கிழக்குச் சுவரில் இரண்டு, தெற்குச் சுவரில் இரண்டு. பழைய லயத்தின் நிலைக்கட்டைகளை மேலே தாங்கக் கொடுத்து, செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினான் ஆ லோங். முதல் ஓட்டை விழுந்தபோது காலை வெயில் கட்டியாக உள்ளே வந்து எதிர்ச்சுவரில் நின்றது. இராமலிங்கம் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு ஜன்னலும் மேல் லயத்துப் பிள்ளைகளின் அறைக்குத்தான் கிடைத்தன. அடுத்த அறைக்குப் பின்னால் மண்மேடு, பக்கத்தில் கூரை வரைக்கும் விறகுக் கொட்டகை. எங்கே உடைத்தாலும் மண்ணோ விறகோதான். அந்த அறைக்கு வெளிச்சம் வருகிற ஒரே வழி வாசல்.

ஒருநாள் காலை இராமலிங்கம் சுற்றி வந்து அந்த வாசலில் நின்றார். கதவு வழியாக விழுந்த வெயில் தரையில் ஒரு பாய் அகலத்துக்குக் கிடந்தது. அதில் காத்தாயி என்ற ஒன்பது வயதுப் பெண் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கப் பார்க்கவே அவள் எழுந்து இருட்டுக்குள் போனாள், இன்னொரு பெண் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் காத்தாயி எழுந்துட்ட? பாதிதானே எழுதியிருக்க?"

"மொறை முடிஞ்சிருச்சுங்க சாமி."

"என்ன முறை?"

"வெளிச்ச மொறைங்க. ஆளுக்கு அஞ்சு வரி. வெயில் நகர்ந்தா நாங்களும் நகர்ந்துக்குவோம்." அவள் கொஞ்சம் யோசித்து, "மழ பேஞ்சா மொறை கெடையாதுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"யார் சொன்னது உங்களுக்கு இப்படிச் செய்யச் சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க."

அவர்கள் இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்லலாம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆ லோங் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்து ஏற்கெனவே ஒரு விஷயம் சொல்லியிருந்தான். "இது கூரையைத் தாங்கல, வெறும் தடுப்பு. எடுத்துட்டா நாலு ஜன்னல் வெளிச்சமும் அந்தக் கோடி வரைக்கும் போகும்." அப்போது இராமலிங்கம், முடியாது என்று தலையாட்டியிருந்தார். "ஏன், கல்லு கெட்டியா?" என்று கேட்டான் அவன். "கல்லு இல்ல, ஆளுங்க" என்றார்.

இப்போது அவரே போய், "ஞாயிற்றுக்கிழமை எடுத்துடலாம்" என்றார்.

அந்த ஞாயிறு சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு. தோட்டம் பாதிக்கு மேல் கிள்ளானுக்குப் போயிருந்தது. இருவரும் மேலிருந்து வரிசை வரிசையாகச் சுவரைப் பிரித்தார்கள். மத்தியானத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. எடுத்த செங்கற்களை அப்படியே களிமண் தரையில் பரப்பி, மணல் தூவி, கட்டையால் தட்டி இறுக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் சுவர் தரையாகிவிட்டது. கட்டடம் இப்போது நீளமான ஒரே அறை. மேற்குக் கோடியில் நின்று இராமலிங்கம் ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்தார். சின்ன எழுத்தும் தெரிந்தது.

ஆ லோங்கின் வேலை அத்தோடு முடிந்தது. ஸ்டோரிலும் முடிந்துவிட்டதால் அவன் அன்றே கிளம்பினான். கால் கழுவி, ஆயுதப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஜன்னல்களை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "நல்ல ரூம்" என்றான். மூன்று வாரமாக இராமலிங்கம் மனம்விட்டுப் பேசிய மனிதன் அவன் ஒருவன்தான், அதுவும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருந்த ஒரு பாஷையில். மரங்களுக்கு நடுவே அந்தப் பெட்டி ஆடி ஆடி மறைகிறவரை இராமலிங்கம் வாசலிலேயே நின்றார்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் இரண்டு வாசலிலும் கூட்டமாக நின்றுவிட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை. பிறகு ஒரு சின்னப் பயல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே ஓட்டமாக ஓடினான், அவன் பின்னால் எல்லோரும் ஓடினார்கள்.

"யாரு எங்க ஒக்காரணும் சார்?" என்று இராஜம்மா கேட்டாள்.

இராமலிங்கம் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. "குட்டையானவங்க முன்னால, நெட்டையானவங்க பின்னால" என்றார். பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, நீ குதிகாலை எக்குகிறாய், நான் எக்கவில்லை என்று சண்டை போட்டு உட்கார்வதற்கே அரைமணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடக் கட்டடத்தைச் சுற்றவில்லை.

பதினொரு மணிக்குக் கங்காணி வந்தார். வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தார்.

"சுவரு எங்க வாத்தியாரே?"

"நீங்க நிக்கிற இடத்துலதான் கங்காணியாரே, காலுக்குக் கீழே."

கங்காணி குனிந்து பார்த்துவிட்டு, சுட்டுவிட்டதுபோல ஓரடி பின்வாங்கினார். இராமலிங்கம் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் கேலி போலத்தான் விழுந்தது.

"வெளையாடாதீங்க. மறுபடி எழுப்பிடுங்க. ஆள் வேணும்னா நான் தரேன்."

"எழுப்பினா அந்தப் பக்கம் இருட்டாயிடுமுங்க."

"அவங்களுக்கு அது பழக்கந்தானே?"

"பிள்ளைங்க ஆளுக்கு அஞ்சு வரின்னு வெளிச்சத்துக்கு முறை வச்சு எழுதினாங்க கங்காணியாரே. அதைப் பார்த்த பிறகு என்னால முடியல."

கங்காணி குரலை உயர்த்தவில்லை. "நீங்க படிச்சவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா? நாளைக்கும் இந்தத் தோட்டத்துலதான் இருக்கப் போறீங்க. அத நெனச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, மேல் லயத்துப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மேல் லயத்திலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு பந்தலைப் போட்டு, கங்காணியின் மைத்துனன் அவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டார். அன்று சோற்றுச் சட்டி வரவில்லை. பசியோடு நெடுநேரம் காத்திருந்துவிட்டு, பெட்டிக்கு அடியில் இருந்த பழைய பானையைத் தேடி எடுத்து அவரே உலை வைத்தார். தோட்டத்து நாவிதர், "கத்தி சாணைக்குப் போயிருக்கு" என்றார். அடுத்த வாரமும் கத்தி சாணையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை பூசையில் விபூதித் தட்டு அவருக்கு முன்னால் இருந்தவர் வரை வந்து, அவருக்குப் பின்னால் இருந்தவருக்குப் போயிற்று. அதன் பிறகு அவர் கோயிலுக்குப் போகவில்லை.

கீழ் லயத்தாராவது தன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவருக்கு உள்ளூர ஓர் எண்ணம் இருந்தது. அதுவும் நடக்கவில்லை. காத்தாயியின் அப்பன் சடையன் ஒரு மாலை வந்து, பள்ளிக்கூட வாசலுக்குப் பத்தடி தள்ளியே நின்றான்.

"எங்களுக்கு நல்லது செய்யணும்னுதான் சாமி செஞ்சீங்க. ஆனா கங்காணி எங்க ஆளுங்கள சதுப்புக் காட்டுக்கு மாத்திட்டாரு. இடுப்பு வரைக்கும் அட்ட ஏறுது. பொம்பளைங்க அழுவுறாங்க. நாளையிலேருந்து காத்தாயி வரமாட்டா."

"உள்ளே வந்து ஒரு தடவை பாரு சடையா. அவ இருந்த இடத்துல இப்ப எவ்வளவு வெளிச்சம்னு பாரு."

"வேணாங்க சாமி" என்று கைகூப்பிவிட்டு அவன் போய்விட்டான். காத்தாயியோடு இன்னும் இரண்டு பேரும் வருவதை நிறுத்தினார்கள். பதினோரு பேர் எட்டுப் பேரானார்கள்.

நாற்பது பேர் உட்காரக்கூடிய அறையில் எட்டுப் பேர். அவர் பேசினால் குரல் சுண்ணாம்புச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஒரு மணிக்கு அவர்கள் போன பிறகு மிச்சப் பொழுதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆ லோங் செய்ததைப் பார்த்துப் பழகியிருந்ததால் கிழக்குச் சுவரில் இன்னொரு ஜன்னலைத் தானே வெட்டினார். அதற்குப் பத்து நாள் பிடித்தது, கொஞ்சம் சாய்வாகவும் வந்தது. பிறகு ஆறாவதாக ஒன்று. அது நேராக வந்தது. ஆறாவது ஜன்னல் முடிந்த மாலை அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, தான் செய்தது தப்போ என்று முதல்முறையாக யோசித்தார். சுவர் இருந்தபோது முப்பத்து மூன்று பிள்ளைகள் படித்தார்கள், அரைகுறையாகவாவது படித்தார்கள். தப்பில்லை என்று சொல்ல யாராவது ஒருவர் இருந்திருந்தால் போதும். மனைவியிடம் என்றால் கேட்டிருக்கலாம். அவள் உடனே பதில் சொல்லமாட்டாள், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் சொல்வாள். அந்தத் தாமதம்கூட அவருக்கு இப்போது வேண்டியிருந்தது.

ஆவணி மாதத்தில் துரை ஆளனுப்பிக் கூப்பிட்டு, வழக்கத்துக்கு மாறாக நாலு வாக்கியம் பேசினார். "கோலாலம்பூரிலிருந்து பள்ளிக்கூடம் பார்க்க அதிகாரி வரார். பத்துப் பிள்ளைங்க இருந்தாத்தான் நான் பள்ளிக்கூடம் நடத்தணும்னு சட்டம். யார் பக்கத்துல யார் உட்கார்றாங்கன்னு எனக்குக் கவலை இல்ல. பத்துக்குக் குறைஞ்சா மூடிடுவேன்."

வருகைப் பதிவேட்டில் முப்பத்து மூன்று பெயர்களும் அப்படியே இருந்தன. இரண்டு பெயருக்கு நேரே வந்ததாக ஒரு கோடு போட்டால் போதும், பத்தாகிவிடும். பேனாவை மையில் தொட்டு, அந்த இடம் வரை கொண்டுபோனார். நிப்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்து காகிதத்தில் பரவிற்று. மை ஒற்றும் தாளால் அதைத் துடைத்துவிட்டு, வராதவர்களுக்கு வரவில்லை என்றே போட்டார்.

அதிகாரி தலைப்பாகையும் கோட்டும் அணிந்த தமிழர். பதிவேட்டையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பத்து மூணு பேர் இருக்கு. வந்திருக்கிறது எட்டு. ஊர்ல காய்ச்சலா?"

"இல்லீங்க." இராமலிங்கம் சுவர் இருந்த இடத்தைக் காட்டி, நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார்.

அதிகாரி அறையின் கோடிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். "இந்த ஜில்லாவுல இருபது தோட்டத்துப் பள்ளிக்கூடம் பார்த்திருக்கேன். பாதி, ஆடு கட்டுற எடம். இப்படி ஒரு வகுப்பை நான் பார்க்கல. ஆனா வெளிச்சத்தைத் தலைக்கணக்குல சேர்க்க முடியாதே வாத்தியார்?"

"தெரியுங்க."

அதிகாரி உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பவுனம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டோரில் பாலைக் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். இடுப்பில் உளி, முழங்கை வரை காய்ந்த பால், ஒரு கைப்பிடியில் இராஜம்மா.

"இது எம் பொண்ணுங்க. இங்கதான் படிக்கிறா" என்றாள், அதிகாரியைப் பார்த்து. "கோயில் பந்தல்ல ரெண்டு மாசமா ஆனா ஆவன்னாவே சொல்லிக் குடுக்கிறாங்க. இவ கணக்கெல்லாம் போடுறவ. மறந்துக்கிட்டே வர்றா."

இராஜம்மாவை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினாள். இராமலிங்கம் எழுந்து, "பவுனம்மா..." என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எம் பொண்ணுக்காக வந்தேன்யா. வேற ஒண்ணுமில்ல" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள். மறுநாளே அவளையும் சதுப்புக் காட்டுக்கு மாற்றினார்கள். ஆனாலும் மகளை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. சோற்றுச் சட்டி மட்டும் திரும்பி வரவில்லை.

"ஒன்பது" என்றார் அதிகாரி. சற்று நேரம் பேனாவை விரலிடுக்கில் உருட்டினார். "டிசம்பர்ல மறுபடி வரேன். அதுவரைக்கும் மூடவேண்டாம்னு எழுதுறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

இராமலிங்கம் யார் வீட்டு வாசலுக்கும் போய்க் கெஞ்சவில்லை. போகலாம் என்று இரண்டு தடவை கிளம்பி, மாட்டுக் கொட்டில் வரை போய்த் திரும்பிவிட்டார். போனால் எழுந்து நிற்பார்கள், பேச்சு நின்றுவிடும். அதைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. தொடர்ந்து பதினேழு நாள். கோயில் பந்தல் ஒழுகி, பிறகு சரிந்து, மைத்துனன் தனக்கு நெஞ்சுச்சளி என்று படுத்துக்கொண்டான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிற தாய்மார்களுக்குப் பிள்ளைகளை விட்டுப்போக ஈரமில்லாத இடம் ஒன்று வேண்டியிருந்தது. தோட்டத்தில் செங்கல் தரையும் ஒழுகாத கூரையும் துரை பங்களாவை விட்டால் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தன. முதலில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்து வாசலோரம் நின்றார்கள். "ஒதுங்க வந்தோம் சார்" என்றார்கள். "ஒதுங்குங்க. உள்ளே வந்து ஒதுங்குங்க" என்றார். அடுத்த நாள் ஐந்து பேர் ஒதுங்கினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களில் ஒருவன் சிலேட்டோடு ஒதுங்கினான். கீழ் லயத்துக் காத்தாயியும் வந்தாள். சடையன் அவளைக் கூட்டி வரவில்லை, தடுக்கவும் இல்லை.

வந்தவர்களை அவர் மறுபடி உயரப்படி உட்கார வைத்தார். ஒருவரும் வந்து கேட்கவில்லை. கங்காணி பள்ளிக்கூடப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டு, ஸ்டோருக்குச் சுற்றுவழியில் போய்வந்தார். அவருடைய கடைசிப் பிள்ளை மட்டும் கடைசிவரை வரவில்லை.

டிசம்பரில் அதிகாரி வந்தபோது இருபத்து நாலு பேர் இருந்தார்கள். பழைய முப்பத்து மூன்று இல்லை. அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிப் பார்த்து, சாய்ந்த ஜன்னலைப் பார்த்து, "இது நீங்க செஞ்சதா?" என்று கேட்டு, சிரித்து, இரண்டு பக்கம் எழுதினார். துரை அதைப் படித்துவிட்டு ஒரு சுவர்க்கடிகாரம் அனுப்பிவைத்தார். இராமலிங்கம் அதை ஆணியடித்து மாட்டினார். அன்று பிள்ளைகள் போன பிறகு, நடந்ததை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. கிராணிமார் வீட்டுத் திண்ணையில் பேச்சுச் சத்தம் கேட்டது. லயத்தில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பள்ளி விடுமுறையில் பூகோளப் படம் ஒன்று வாங்குவதற்காகக் கிள்ளானுக்கு லோரியில் போய், அங்கிருந்து ரயிலேறிக் கோலாலம்பூர் போனார். படத்தை வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தார். பழைய ஆட்கள் யாரும் கண்ணில் படவில்லை. கடைக்காரர் தேநீர்க் குவளையை வைத்தார்.

"எங்க பள்ளிக்கூடத்துக்கு இப்ப ஆறு ஜன்னல்" என்றார் இராமலிங்கம். அவரை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்படிங்களா" என்றார் கடைக்காரர், அடுத்த மேசையைத் துடைத்தபடி.

எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். காக்கி உடையில் கரி படிந்த ரயில்வே ஆள். "ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்று கேட்டார்.

"கிழக்கே நாலு, தெற்கே ரெண்டு."

"மேக்கே இல்லியா?"

"மேற்கே மண்மேடு. அதுக்குத்தான் நடுச்சுவரை..." என்று ஆரம்பித்தவர், வெள்ளத்திலிருந்து முழுவதையும் சொன்னார். சுரண்டியதை, கரியில் பலகை பூசியதை, உயரப்படி உட்கார வைத்ததை, நாவிதரின் கத்தியை. கத்தி விஷயத்துக்கு அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். இராமலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. அதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை.

பணிமனையில் சங்கு ஊதிற்று. அந்த மனிதர் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "வரேங்க. நல்ல காரியம்" என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டிப் போனார். பெயரை இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இராமலிங்கத்தின் குவளையில் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதைக் குடித்தார். கிள்ளானுக்கு மூன்று மணிக்கு ஒரு வண்டி இருந்தது. பூகோளப் படம் கசங்காமல் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.